பழைய ஐரோப்பிய நகைச்சுவை நாடகங்கள்: நம்ம ஊர்க் குழுவுக்கு எது ஒத்துவரும்?

பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு சாயங்காலம் கூடி நாடகம் போடுகிற குழுக்களுக்கு வருஷா வருஷம் வருகிற தலைவலி, அடுத்து எதை எடுப்பது என்பதுதான். சொந்தமாக எழுதலாம் என்று ஆரம்பித்தால் எழுதுகிறவர் பாதியில் நின்றுவிடுகிறார். மெட்ராஸ் சபா நாடகங்களை எடுத்தால், இதைத்தான் டிவியில் பார்த்துவிட்டோமே என்கிறார்கள். சேலத்தில் எங்கள் குழு கொஞ்ச காலமாக பிரான்ஸின் மோலியர், இத்தாலியின் கோல்தோனி, ரஷ்யாவின் கோகல், செகாவ் பக்கம் ஒதுங்கியிருக்கிறது. சிலவற்றை ஆடியிருக்கிறோம், சிலவற்றை வட்டமாக உட்கார்ந்து சத்தமாகப் படித்ததோடு நிறுத்திக்கொண்டோம். எந்த நாடகம், யாருடைய ஆங்கிலத்தில், எத்தனை பேர் இருந்தால் சரிப்படும் என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. எங்கள் குழுவில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் இருக்கிறார், அம்மாபேட்டைத் தறிக்காரர் ஒருவர், பள்ளி ஆசிரியைகள், வங்கியில் வேலை செய்கிறவர், கல்லூரிப் பிள்ளைகள் சிலர். பிரெஞ்சு, இத்தாலியன், ரஷ்யன் யாருக்கும் தெரியாது. ஆக நாடகம் எங்களிடம் வந்து சேரும்போதே ஒருமுறை மொழி மாறி ஆங்கிலமாகி வருகிறது, அப்புறம் நாங்கள் அதைத் தமிழாக்குகிறோம். இரண்டு முறை கைமாறியும் சிரிப்பு உயிரோடு இருக்கிறதா என்பதைத்தான் நான் அளவுகோலாக வைத்துப் பார்க்கிறேன். வசனத்தின் சாமர்த்தியத்தில் சிரிப்பு இருந்தால் வழியிலேயே கரைந்துபோகிறது. யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள், யார் எதைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்கிற நிலைமையில் சிரிப்பு இருந்தால், எந்த மொழியில் சொன்னாலும் அது சாகாது. இலக்கிய மதிப்பு எப்படி இருந்தாலும் சரி, அமெச்சூர் குழுவுக்கு இந்த இரண்டாவது வகைதான் சோறு போடும்.

அந்த வகையில் முதல் இடம் மோலியரின் 'கஞ்சன்' நாடகத்துக்கு. 1668-ல் பாரீஸில் அரங்கேறியது, ஐந்து அங்கம், முழுக்க உரைநடை. இந்த உரைநடை என்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய வரம், ஏனென்றால் மோலியரின் பேர்பெற்ற நாடகங்கள் பல செய்யுளில் இருக்கின்றன. கதையின் விதை இன்னும் பழையது, ரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸ் எழுதிய பானைப் பணக் கதையிலிருந்து வந்தது. அர்பகோன் என்கிற கிழவர் பத்தாயிரம் பொற்காசைப் பெட்டியில் போட்டுத் தோட்டத்தில் புதைத்துவிட்டு, நாய் குரைத்தால்கூட ஓடிப்போய்ப் பார்க்கிறார். வட்டிக்கும் விடுகிறார். நாங்கள் அவரை லீ பஜார் மண்டிக்காரராக மாற்றி, வேட்டியில் சாவிக்கொத்தைச் செருகிவிட்டோம். அதற்கு மேல் ஒன்றும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். முதல் அங்கத்தில் அவர் மகளை ஒரு வயசானவருக்குக் கட்டிக்கொடுக்க ஏற்பாடு செய்கிறார். வயசு வித்தியாசம் என்ன, பெண்ணுக்குப் பிடிக்க வேண்டாமா, காலம் முழுக்க வாழப்போகிறவள் அவளாயிற்றே என்று வீட்டுக் காரியஸ்தன் ஒவ்வொரு காரணமாகச் சொல்லச் சொல்ல, கிழவர் திரும்பத் திரும்ப ஒரே பதில்தான் சொல்கிறார்: வரதட்சணை இல்லாமல் கட்டிக்கிறேன்னு சொல்றாரே! 1668-ல் ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதிய வரி இது. சேலத்தில் குகை என்கிற பகுதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாங்கள் ஆடியபோது, முதல் தடவை சிரித்தார்கள், இரண்டாவது தடவை இன்னும் பலமாகச் சிரித்தார்கள், நாலாவது தடவை அவர் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசைப் பெண்களே அந்த வரியைச் சொல்லிவிட்டார்கள். வசனத்தை மக்கள் முந்திக்கொண்டு சொல்கிறார்கள் என்றால் நாடகம் அவர்கள் கைக்குப் போய்விட்டது என்று அர்த்தம், அதைவிட நடிகனுக்கு வேறென்ன வேண்டும்!

இரண்டாவது அங்கத்தில் வருகிற கடன் காட்சியையும் யாரும் வெட்டிவிடாதீர்கள். பதினைந்தாயிரம் கடன் கேட்கிற பையனுக்கு, கடன் கொடுப்பவர் தரகர் மூலமாக நிபந்தனை அனுப்புகிறார்: பன்னிரண்டாயிரம் ரொக்கம், மீதிக்குப் பதிலாகப் பொருள். கட்டில், பழைய திரைச்சீலை, மேஜை, துப்பாக்கி, தந்தி ஒன்றிரண்டு போன வீணை மாதிரி ஒன்று, கடைசியில் வைக்கோல் அடைத்த பல்லித்தோல். பட்டியல் நீள நீள சிரிப்பு ஏறும். அப்புறம் கடன் கேட்டவன் தன் சொந்த மகன், கொடுக்கிறவர் அவன் அப்பா என்று இருவரும் நேருக்கு நேர் நிற்கும்போது சபை ஒரு கணம் அமைதியாகிவிடும். கந்துவட்டி என்றால் என்னவென்று தெரிந்த ஊரில் இந்தக் காட்சிக்கு விளக்கமே தேவையில்லை.

வீட்டுச் சமையல்காரனும் வண்டிக்காரனும் ஒரே ஆள்தான், அவன் பெயர் ழாக். முதலாளி கூப்பிட்டால், சமையல்காரனிடம் பேசணுமா வண்டிக்காரனிடம் பேசணுமா என்று கேட்டுவிட்டு அதற்கேற்ற சட்டையை மாற்றிக்கொள்கிறான். எங்கள் தறிக்கார அண்ணன் இதற்கு ஒரு தோள்துண்டும் ஒரு காக்கிச் சட்டையும் மட்டும் வைத்துக்கொண்டார். காக்கியைக் கழற்றி மடித்து, அவசரமே இல்லாமல் துண்டைத் தோளில் போட்டு, இப்ப சொல்லுங்க முதலாளி என்று அவர் நிமிர்கிறதற்கு ஒரு நிமிஷம் ஆகும். அந்த நிமிஷம் முழுக்க அர்பகோன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வசனமே இல்லாத இடம், ஆனால் மொத்த நாடகத்திலும் இங்கேதான் கைதட்டு அதிகம்.

ஆங்கிலத்தில் நாங்கள் வைத்துக்கொண்டது 1870களில் சார்லஸ் ஹெரன் வால் செய்த மொழிபெயர்ப்பு. இணையத்தில் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கொஞ்சம் விறைப்பான ஆங்கிலம்தான், வாக்கியங்கள் நீளம், ஆனால் எதையும் விடவில்லை, எதையும் சேர்க்கவில்லை. தமிழாக்குகிறவருக்கு அந்த விறைப்பு நல்லது. புதிய ஆங்கில மொழிபெயர்ப்புகள் பேச்சு நடையில் ஓடுகின்றன, சரி, ஆனால் லண்டன் பேச்சின் நகைச்சுவையை உள்ளே ஏற்றிவிடுகின்றன, அதை உரித்துப் பார்த்து மோலியரைத் தேடுவது நமக்கு இரண்டு மடங்கு வேலை. கடைசி அங்கத்தில் கப்பல் உடைந்து பிரிந்த குடும்பம் ஒன்றுசேர்கிற திருப்பத்தை ஆங்கில விமர்சகர்கள் குறையாகச் சொல்வார்கள். நம் ஊரில் அது குறையே இல்லை, பிரிந்த குடும்பம் கடைசி ரீலில் சேர்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறார்கள்.

அடுத்து கோல்தோனியின் 'இரண்டு எஜமானர்களுக்கு ஒரு வேலைக்காரன்'. 1740களில் வெனிஸ்காரர் கார்லோ கோல்தோனி எழுதியது. அந்தோனியோ சாக்கி என்கிற பேர்போன கோமாளி நடிகருக்காக முதலில் பல இடங்களை வெறும் கோடு போட்டுக் கொடுத்தார், மேடையில் நின்று இட்டுக்கட்டிக்கொள்வது நடிகர் பாடு. முழு வசனத்தையும் பிற்பாடுதான் எழுதிவைத்தார். இத்தாலியில் அந்தக் காலத்துத் தெரு நாடகக் குழுக்கள் அப்படித்தான் ஆடின: முகமூடி போட்ட கஞ்சக் கிழவர், வாய்ஜாலப் பண்டிதர், பசியில் அலைகிற வேலைக்காரன் என்று பாத்திரங்கள் நிலையாக இருக்கும், கதை மட்டும் மாறும். இதைப் படித்தவுடன் எங்களுக்குக் கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் ஞாபகம் வராமல் எப்படி இருக்கும்? சேலம், தருமபுரி பக்கம் கூத்து பார்த்து வளர்ந்த யாருக்கும் வரும். ராஜா வரப்போகிறார் என்று அறிவித்துவிட்டு அதே ராஜாவை வாரிவிடுவது, சபையில் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவரை இழுத்துப் பேசுவது, கதைக்கு உள்ளேயும் வெளியேயும் மாறி மாறி நிற்பது, இதெல்லாம் கற்றுக்கொடுக்காமலே நம்மவர்களுக்கு வரும்.

கதை இதுதான்: துரூஃபால்தீனோ என்கிற வேலைக்காரன் பசி தாங்காமல் ஒரே விடுதியில் தங்கியிருக்கும் இரண்டு பேரிடம், ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவரிடம் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறான். அதில் ஒருவர் உண்மையில் ஆண் வேஷம் போட்ட பெண், இறந்துபோன அண்ணன் பெயரில் வந்திருக்கிறாள், இன்னொருவர் அவள் தேடிவந்த காதலன். இருவருக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு பரிமாற வேண்டிய காட்சிதான் நாடகத்தின் உச்சம். இந்தப் பக்கம் ஒரு அறை, அந்தப் பக்கம் ஒரு அறை, நடுவில் தட்டுகளோடு அவன் ஓட்டம், ஓடுகிற வழியில் ஒரு வாய் தனக்கும். அதற்கு முன்னால் ஒரு சின்ன இடம் இருக்கிறது, அதையும் விடாதீர்கள். பிரித்துவிட்ட கடிதத்தை மறுபடி ஒட்ட ரொட்டியை மென்று பசையாக்கப் பார்க்கிறான். மென்றதும் தானாகத் தொண்டைக்குள் இறங்கிவிடுகிறது. இன்னொரு துண்டு, அதுவும் உள்ளே போய்விடுகிறது. பசித்தவன் வாயில் உணவு நிற்காது என்பதை கோல்தோனி ஒரு வரி உபதேசம் இல்லாமல் காட்டிவிடுகிறார். எங்கள் பையன் அதைச் சப்பாத்தியில் செய்தான். மூன்றாவது துண்டை விரலால் பிடித்துக்கொண்டு, விழுங்காதே என்று தன் தொண்டையைத் தானே கையால் அழுத்திக்கொண்டான், அது ஒத்திகையில் தானாக வந்தது.

இதை ஒத்திகை பார்த்தது ஏற்காட்டில், நண்பர் ஒருவரின் எஸ்டேட்டில் காபிக்கொட்டை உலர்த்தும் களத்தில். அறுவடை முடிந்து களம் காலியாக இருக்கும் மாதங்களில் அவர் கொடுப்பார். நாலாபுறமும் திறந்த சிமென்ட் தரை, திரை கிடையாது, ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. ஓட்டமும் சாட்டமும் உள்ள இந்த நாடகத்துக்கு அப்படி ஒரு இடம்தான் சரி என்று அங்கே தெரிந்தது. சுற்றி மூன்று பக்கமும் எஸ்டேட் ஜனங்கள் உட்கார்ந்து பார்த்தார்கள், தட்டு விழப்போகிறது என்று குழந்தைகள் கத்தினார்கள். கீழே வந்து நகரத்தில் உயர்ந்த மேடையில் ஆடியபோது பாதி வேகம் குறைந்துவிட்டது. முடிந்தால் தரையில் ஆடுங்கள், கூத்து மாதிரி சுற்றிலும் ஆட்களை உட்காரவைத்து.

இதற்கு எட்வர்ட் டென்ட் 1928-ல் செய்த ஆங்கிலத்தைப் பரிந்துரைப்பேன். அவர் கேம்பிரிட்ஜில் இசைப் பேராசிரியர், ஆப்பெராக்களைப் பாடுவதற்கு ஏற்ற ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர், அதனால் வாயில் புரளாத வாக்கியம் அவர் கையில் வராது. சின்னச் சின்ன வரி, மூச்சு எங்கே விடுவது என்று வரியே சொல்லும். அதைத் தமிழாக்குவது மோலியரைவிடப் பாதி நேர வேலை. இந்த நாடகத்தின் பலம் பற்றி யாருக்காவது சந்தேகம் இருந்தால் ஒன்று சொல்கிறேன்: மிலானில் 1947-ல் ஜார்ஜோ ஸ்ட்ரேலர் இயக்கி எடுத்த மேடையாக்கம் பல பத்தாண்டுகள் உலகம் சுற்றியது, ஃபெருச்சோ சொலேரி என்கிற நடிகர் அந்த வேலைக்காரன் வேஷத்தைக் கிழவராகிற வரைக்கும் ஆடினார்.

புதுக் குழு, ஆள் இல்லை, காசு இல்லை, மேடை பயம் வேறு இருக்கிறது என்றால் மோலியர் பக்கமே போகாதீர்கள், நேராக செகாவின் 'பெண் கேட்டு வந்தவன்' எடுங்கள். மூன்றே பேர், ஒரே அறை, முக்கால் மணிக்குள் முடிந்துவிடும். 1880களின் கடைசியில் எழுதியது. லோமொவ் என்கிற நெஞ்சுப் படபடப்புக்காரன் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கேட்க நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு வருகிறான். பேச்சுவாக்கில் எங்கள் நிலம் என்று ஒரு புல்வெளியைச் சொல்லிவிடுகிறான். அது எங்களுடையது என்கிறாள் அவள். முடிந்தது, கல்யாணப் பேச்சு காற்றில் போய்விட்டது. இவனுடைய அத்தையின் பாட்டி, அவளுடைய அப்பாவின் தாத்தா ஊர் ஆட்கள் செங்கல் சுட அந்த நிலத்தை இனாமாக விட்டதிலிருந்து வந்த தகராறாம். ஓமலூர்ப் பக்கம் சூளை வைத்திருக்கும் உறவினர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, எங்க மேட்டாங்காட்டு வழக்கை யார் உங்களுக்குச் சொன்னது என்று கேட்டார், நிஜமாகவே கேட்டார். பட்டா, வரப்பு, பாட்டன் சொத்து என்று ரத்தத்தில் ஊறிய விஷயம், நடிக்கத் தெரியாதவரும் சண்டை போடத் தெரிந்தவராக இருப்பார். நிலச் சண்டை தீர்ந்ததும் யாருடைய நாய் ஒசத்தி என்று மறுபடி ஆரம்பிக்கிறது. அந்த நாய்ச் சண்டையில் வேகம் குறைந்தால் நாடகம் படுத்துவிடும், அங்கே மட்டும் நூறு தடவை ஒத்திகை பாருங்கள். ஜூலியஸ் வெஸ்ட் செய்த ஆங்கிலம் இலவசமாகக் கிடைக்கிறது, போதுமானது. செகாவின் 'கரடி'யும் இதே அளவுதான், அதுவும் மூன்று பேர்தான். ஆனால் அதில் விதவைப் பெண் கைத்துப்பாக்கி எடுத்து ஒற்றைக்கொற்றை மோத வருகிற இடம் நம் ஊர் வீட்டுக்கூடத்தில் பொருந்தாமல் நிற்கிறது. பெயர், உடை எல்லாவற்றையும் ரஷ்யாவாகவே வைத்துக்கொண்டால் சரியாக வரும்.

இங்கேயே பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழுவுக்குள் இதற்குத்தான் சண்டை அதிகம். வீட்டுக்குள் நடக்கும் கதையாக இருந்தால் தமிழ்ப் பெயர், தமிழ் ஊர். அரசாங்கமும் பதவியும் கலந்த கதையாக இருந்தால் அந்த நாட்டுப் பெயர்களை அப்படியே விட்டுவிடுங்கள். பக்கத்து ஆபீஸரைக் கிண்டல் செய்கிறீர்கள் என்று ஒருவர் எழுந்துவிட்டால் மீதிப் பேர் சிரிக்கத் தயங்குவார்கள். தூரத்து ஊர் என்றால் கூச்சமில்லாமல் சிரிக்கிறார்கள், யாரைப் பற்றிச் சிரிக்கிறோம் என்று அவர்களுக்கே தெரியும்.

இதை மனதில் வைத்துத்தான் கோகலின் 'அரசு இன்ஸ்பெக்டர்' பக்கம் வருகிறேன். 1836-ல் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறியது, ஜார் முதலாம் நிக்கோலாயே நேரில் வந்து பார்த்தார். தலைநகரிலிருந்து ரகசியமாக இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று ஒரு சின்ன ஊர் நடுங்குகிறது. விடுதியில் பில் கட்டக் காசில்லாமல் கிடக்கும் ஒரு வெட்டிப் பையனை அவர்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நீதிமன்ற முற்றத்தில் வாத்து வளர்க்கிறார்கள், போஸ்ட்மாஸ்டர் எல்லார் கடிதத்தையும் பிரித்துப் படிக்கிறார், நீதிபதி நாய்க்குட்டிகளை லஞ்சமாக வாங்குகிறார், பணம் வாங்கவில்லையே என்று மனசைத் தேற்றிக்கொள்கிறார். நான்காம் அங்கத்தில் ஒவ்வொருவராக உள்ளே வந்து கடன் என்ற பெயரில் பணம் கொடுக்கிற காட்சி, நாடக இலக்கியத்திலேயே இப்படி ஒன்றை நான் படித்ததில்லை. அந்த வரிசையில் பாப்சின்ஸ்கி என்கிற ஒரு அப்பாவி வருகிறான். அவனுக்கு லஞ்சம் கொடுத்து ஆக வேண்டிய காரியம் ஒன்றும் இல்லை. ஐயா, தலைநகரில் பெரிய மனிதர்களைப் பார்த்தால், இந்த ஊரில் பாப்சின்ஸ்கி என்று ஒருவன் இருக்கிறான் என்று மட்டும் சொல்லுங்கள், அதுபோதும் என்கிறான். படித்துக்கொண்டிருந்த ஆசிரியை அந்த வரியில் நிறுத்திவிட்டார், மேலே படிக்க முடியவில்லை. சிரிப்பு நாடகத்துக்குள் இப்படி ஒரு வரியை வைக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்.

தாமஸ் செல்ட்சர் செய்த ஆங்கிலம் இலவசமாகக் கிடைக்கிறது, கூடவே நடிகர்களுக்கு கோகல் எழுதிய குறிப்புகளும் இருக்கின்றன. அந்தக் குறிப்புகளுக்காகவே இதை எடுக்கலாம். போலி இன்ஸ்பெக்டராக நடிப்பவன் எவ்வளவு வெகுளியாக, சூது இல்லாமல் நடிக்கிறானோ அவ்வளவு நல்லது என்கிறார். எங்கள் குழுவில் முதலில் அவனைப் பெரிய ஏமாற்றுக்காரனாக நினைத்துக் கண்ணைச் சிமிட்டிப் படித்தார்கள், சுவை வரவில்லை. குறிப்பைப் படித்துவிட்டு, தான் சொல்லும் பொய்யைத் தானே நம்புகிற பையனாகப் படித்தவுடன் மொத்தக் காட்சியும் எழுந்து நின்றது. சிக்கல் ஒன்றுதான்: இருபதுக்கு மேல் பாத்திரம். ஒருவர் இரண்டு வேஷம் கட்டினாலும் கடைசிக் காட்சியில் எல்லாரும் மேடையில் உறைந்து நிற்க வேண்டும், அதுவும் ஏறக்குறைய ஒன்றரை நிமிஷம் அசையாமல், கோகலே அப்படிக் கேட்டிருக்கிறார். அதனால் நாங்கள் நான்காம் அங்கத்தை மட்டும் தனியாக ஆடினோம். கல்லூரிக் குழு என்றால் ஆளுக்குப் பஞ்சமில்லை, முழுசாக எடுங்கள், வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

இனி, பேர் பெரியது ஆனால் நமக்கு எட்டாதது. மோலியரின் 'தார்த்தூஃப்' போலிச் சாமியார் கதை, 1664-ல் தடை விழுந்து 1669-ல்தான் பொதுவில் ஆட அனுமதி கிடைத்தது. நம் நாட்டுக்கு எவ்வளவு பொருத்தம் என்று எல்லாரும் ஆசைப்படுவார்கள். ஆனால் அது செய்யுளில் உள்ள நாடகம், சாமியார் வாயில் வருகிற தேன் முழுக்கச் செய்யுளில் இருக்கிறது. கர்டிஸ் ஹிடன் பேஜ் செய்த ஆங்கிலச் செய்யுளிலிருந்து உரைநடைத் தமிழுக்கு வரும்போது எஞ்சியது அறிவுரைதான். போதாததற்கு சாமியார் மூன்றாம் அங்கத்தில்தான் மேடைக்கு வருகிறார், அதுவரை சபையைப் பிடித்துவைக்க தேர்ந்த நடிகர்கள் வேண்டும். கணவனை மேஜைக்கு அடியில் ஒளியவைத்துவிட்டு மனைவி இருமி இருமிக் கூப்பிடுகிற காட்சி மட்டும் தனியாக ஆடினால் நிற்கும். நல்ல மரபுக்கவிதை எழுதுகிற ஒருவர் கூட இருந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன். கிளைஸ்ட்டின் 'உடைந்த ஜாடி' ஜெர்மானியச் செய்யுள், குற்றவாளியே நீதிபதியாக உட்கார்ந்து விசாரிக்கிற அபாரமான கரு, ஆனால் இடைவெளி இல்லாமல் ஒரே மூச்சாக ஓட வேண்டியது. 1808-ல் வைமாரில் கவிஞர் கோத்தே பொறுப்பில் அதை அங்கமாகப் பிரித்து ஆடியே படுத்துவிட்டது. பிரெஞ்சுக்காரர் பொமார்ஷேயின் 'ஃபிகாரோ திருமணம்' படிக்க இனிக்கும், மேடைக்கு நீளமும் ஆளும் அதிகம்.

தமிழிலேயே இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: பம்மல் சம்பந்த முதலியாரிடம் போங்கள். 1891-ல் சுகுண விலாச சபையை ஆரம்பித்தவர், தொழிலால் வக்கீல், நாடகத்தை நம்மைப் போல ஆசைக்காக ஆடியவர். மோலியரின் ஸ்காப்பின் என்கிற தந்திரக்கார வேலைக்காரன் கதையை 'காளப்பன் கள்ளத்தனம்' என்று தமிழாக்கியிருக்கிறார். கிழவரை மூட்டைக்குள் புகுத்தி அடிக்கிற காட்சிக்கு இன்றைக்கும் உத்தரவாதம் உண்டு. அவர் மொழி இன்றைய காதுக்குப் பழசு, பேச்சை மாற்றிக்கொள்ளுங்கள், காட்சி வரிசையைத் தொடாதீர்கள். மேடையில் நின்று எழுதியவர் என்பது காட்சி எங்கே முடிகிறது என்பதிலேயே தெரியும்.

இணையத்தில் காசு கொடுத்து ஒரு தமிழ்ப் பிரதியும் வாங்கினோம், எங்கே என்று சொல்லப்போவதில்லை. அதில் எஜமானும் வேலைக்காரனும் கிழவியும் குழந்தையும் ஒரே மேடைத்தமிழில், தங்களைச் சந்தித்ததில் பெருமகிழ்ச்சி அடைகிறேன் என்று பேசுகிறார்கள். மெஷினில் போட்டு எடுத்ததோ என்னவோ. பக்கம் பக்கமாகத் திருத்தியதற்குப் புதிதாகவே எழுதியிருக்கலாம். எங்கள் வழி இப்போது வேறு. ஒருவர் ஆங்கிலத்தைப் படித்து அர்த்தம் சொல்வார், வேஷக்காரர் அதைத் தன் வாயில் தன் வீட்டுப் பேச்சில் சொல்வார், இன்னொருவர் எழுதிக்கொள்வார். கொலுசுப் பட்டறைக்காரர் அர்பகோனாகப் பேசும்போது, பட்டறையில் கூலிக்கணக்கு பார்க்கிற குரலே வந்துவிட்டது. நேரம் அதிகம் எடுக்கும், ஆனால் மனப்பாடம் பண்ணுகிற வேலை பாதி குறைந்துவிடும், அவரவர் வாயில் பிறந்த வசனம் அவரவருக்கு மறக்காது.

செலவு என்று பார்த்தால் பிரதிக்கு ஒன்றுமே இல்லை. உடைக்குக் குகையில் ஆடி மாசம் வேஷம் கட்டி வண்டியில் ஊர்வலம் போகிற வண்டி வேடிக்கைக்கு வேஷம் வாடகைக்கு விடுகிறவர்களிடம் கேளுங்கள். ராஜா வேஷமும் சாமி வேஷமும்தான் அதிகம், ஆனால் கோகலுக்கு வேண்டிய பட்டன் வைத்த நீளக் கோட்டு கிடைத்தது. ஆடி மாசத்தில் மட்டும் போகாதீர்கள், எல்லாம் வெளியே போயிருக்கும்.

உரிமை பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். மூல நாடகங்களுக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம், மோலியர் 1673-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். மொழிபெயர்ப்பு வேறு. இந்தியாவில் மொழிபெயர்ப்பாளர் இறந்த பிறகு 60 வருஷம் உரிமை இருக்கும். டென்ட் இறந்தது 1957, செல்ட்சர் 1943, வெஸ்ட் 1918, ஆக இவர்கள் மூவரையும் தாராளமாக எடுக்கலாம். பம்மலார் 1964-ல் காலமானவர், அங்கேயும் இப்போது தடை இல்லை. ரிச்சர்ட் வில்பர் செய்த 'தார்த்தூஃப்' ஆங்கிலச் செய்யுள் அபாரம் என்று யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர் 2017 வரை இருந்தவர், கேட்காமல் தொடக்கூடாது. 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவில், டிக்கெட் இல்லாமல் ஆடுகிற அமெச்சூர் குழுவுக்கு விலக்கு இருக்கிறது, கோயில் போன்ற மத நிறுவனத்தின் நலனுக்காக ஆடினாலும் உண்டு. ஆனால் அது ஆடுவதற்கான விலக்குதான். உரிமை உள்ள மொழிபெயர்ப்பிலிருந்து தமிழாக்கம் செய்ய எழுதிக் கேட்டு அனுமதி வாங்கத்தான் வேண்டும், டிக்கெட் போட்டாலும் போடாவிட்டாலும்.